பழந்துணிக்கு விலை தருவோர்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள். இவற்றுள் உணவு உண்டவுடன் தீர்ந்துவிடுகிறது. உடை அவ்வாறன்று. ஒருவர் உடுத்திக் கழித்த பின்னும் அது மற்றொருவருக்குப் பயன்படும். அவரும் கழித்த பின் வேறு வடிவம் பெறும். வடிவம் முற்றிலும் சிதைந்த பின்னும் இழையாகிப் புதிய நூலில் கலக்கும். இந்திய இல்லங்களில் அண்ணனின் சட்டை தம்பிக்கு இறங்குவதும், பாட்டியின் நூற்சேலை தொட்டிலாகிப் பின்னர் கரித்துணியாவதும் தொன்றுதொட்டு நிகழ்ந்துவரும் வழக்கம். ஆயினும் வீட்டின் தேவைக்கு மேல் எஞ்சும் துணிகள் என்னவாகின்றன, அவற்றுக்கு விலை தருவோர் யார், அவ்விலை எவ்வாறு அமைகிறது என்னும் வினாக்கள் பொருளாதாரப் பாடநூல்களில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்கள் இன்று முன்னைவிட முக்கியத்துவம் பெற்றுள்ளன. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்வதாக 2022-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் 51 விழுக்காடு உள்நாட்டு மக்கள் உடுத்திக் கழித்தது. 42 விழுக்காடு ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் எஞ்சுவது. 7 விழுக்காடு வெளிநாடுகளிலிருந்து வருவது. ஆலைக் கழிவு ஓரிடத்தில் குவிந்து கிடப்பதால் அதனைத் திரட்டுவது எளிது. வீடுகளில் கழிக்கப்படும் துணியோ கோடிக்கணக்கான பெட்டிகளிலும் பரண்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதனை வீடுவீடாகச் சென்று திரட்டிப் பயன்படும் பொருளாக மாற்றும் பணியைச் செய்வோர் பெரும்பாலும் எழுத்தறிவு குன்றிய, நலிந்த பிரிவைச் சேர்ந்த பெண்களே.

பாத்திரமும் துணியும்

வடஇந்திய நகரங்களில் பழந்துணி வாங்குவோர் ‘பேரிவாலா’ எனப்படுகின்றனர். சுற்றித் திரிந்து வாணிகம் செய்பவர் என்பது இதன் பொருள். தில்லியிலும் அகமதாபாத்திலும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளோரில் பெரும்பாலோர் குஜராத்தைச் சேர்ந்த வாக்ரி சமூகத்தினர். தேவிபூஜக் என்னும் பெயரையே இச்சமூகத்தினர் தமக்கு உரியதாகக் கொள்கின்றனர்.

தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, கூடை நிறைய எவர்சில்வர் பாத்திரங்கள். தோளில் துணி மூட்டை. இக்கோலத்தில் குடியிருப்புகளுக்குள் வரும் பெண், பணம் கொடுத்துத் துணி வாங்குவதில்லை. பாத்திரம் கொடுத்து வாங்குகிறாள். ஒரு குடத்திற்கு எத்தனை உருப்படிகள், ஒரு கிண்ணத்திற்கு எத்தனை என்பது அவளுக்கும் வீட்டு அம்மாளுக்கும் இடையே நடைபெறும் பேரத்தில் முடிவாகிறது. தமிழகத் தெருக்களிலும் பழந்துணிக்குப் பாத்திரம் என்னும் குரல் நெடுங்காலம் ஒலித்து வந்தது. பழைய பட்டுச்சேலைகளைச் சரிகைக்காக வாங்குவோரும் இவ்வாறே வீடு தேடி வந்தனர்.

நாணயப் பொருளாதாரம் முழுமையாக நிலைபெற்ற நகரங்களில் இப்பண்டமாற்று நீடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, உடுத்திய துணியை விற்பதில் நடுத்தரக் குடும்பங்களுக்குள்ள தயக்கம். பணம் பெற்றால் அது விற்பனை. பாத்திரம் பெற்றால் அது மாற்று. வீட்டின் மதிப்பு குறைந்ததாக எவரும் கருதுவதில்லை. இரண்டாவது, கையில் வரும் பணம் அன்றாடச் செலவில் கரைந்துவிடும். பாத்திரமோ வீட்டில் நிலைத்து நிற்கும். தன் உழைப்புக்குக் கூலி பெறாத இல்லத்தரசிக்கு, தானே பேரம் பேசிப் பெற்ற குடம் தனக்கே உரிய சிறு சேமிப்பாக அமைகிறது. மூன்றாவது, வாணிகம் செய்பவருக்கு இரு புறமும் சிறிது ஆதாயம் உண்டு. அவர் பாத்திரத்தை மொத்த விலையில் வாங்குகிறார். வீட்டார் அதனைச் சில்லறை விலையில் மதிப்பிடுகின்றனர். அவ்வாறே வீட்டாருக்குத் தெரியாத துணியின் சந்தை மதிப்பு அவருக்குத் தெரியும். இவ்விரு வேறுபாடுகளிலுமே அவருடைய பிழைப்பு அடங்கியுள்ளது.

விலை அமையும் விதம்

பழந்துணிக்கு ஒரே விலை இல்லை. ஒரே மூட்டையிலுள்ள இரு சட்டைகள் வெவ்வேறு சந்தைகளுக்குச் செல்லக்கூடும். பழந்துணியின் பயன்களை நான்கு படிகளாகப் பகுத்துக் காணலாம்.

முதற் படி, மீண்டும் உடுத்துதல். கிழியாத காற்சட்டை, சட்டை, குழந்தைகளின் ஆடை, கம்பளிச் சட்டை ஆகியவை இதில் அடங்கும். இவை துவைக்கப்பட்டு, பொத்தான் தைக்கப்பட்டு, சாயம் மங்கியிருப்பின் மீண்டும் சாயம் ஏற்றப்பட்டு, இஸ்திரி போடப்பட்டு வாரச்சந்தைகளில் விற்பனைக்கு வருகின்றன. கட்டடத் தொழிலாளர், சுமைதூக்குவோர், வேலை தேடி நகருக்கு வந்தோர் ஆகியோர் இவற்றின் வாடிக்கையாளர். ஆடவர் ஆடைக்கே இப்படியில் தேவை மிகுதி.

இரண்டாம் படி, வடிவம் மாற்றுதல். பட்டுச்சேலைகள் பாவாடைகளாகவும் மெத்தை உறைகளாகவும் தைக்கப்பட்டுச் சுற்றுலாப் பயணிகள் கூடும் கடைத்தெருக்களுக்கும் ஏற்றுமதிக்கும் செல்கின்றன. நைந்த நூற்சேலைகளை அடுக்கித் தைக்கும் கலை நாட்டின் பல பகுதிகளில் வளர்ந்துள்ளது. வங்கத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி ஆகிய அனைத்தும் பழந்துணியிலிருந்தே தோன்றின. உண்மைச் சரிகை என்பது பட்டிழையின்மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது; ஆகையால் சேலை நைந்தாலும் சரிகைக்குரிய வெள்ளியின் மதிப்பு நைவதில்லை. போலிச் சரிகைக்கு இம்மதிப்பு இல்லை.

மூன்றாம் படி, துடைக்கும் துணி. உடுத்தத் தகாத பருத்தித் துணிகள் துண்டாக்கப்பட்டு இயந்திரப் பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் இடங்களுக்கும் எண்ணெய் துடைக்கச் செல்கின்றன. பருத்தி எண்ணெயை உறிஞ்சும். செயற்கை இழைத் துணி துடைப்பதற்கு அவ்வளவு ஏற்றதன்று. எனவே தோற்றத்தில் அழகிய பாலியெஸ்டர் ஆடையைவிடச் சாயம்போன பருத்தி வேட்டிக்கு இப்படியில் மதிப்பு அதிகம்.

நான்காம் படி, இழையாக்குதல். துணியைக் கிழித்து மீண்டும் பஞ்சாக்கி நூல் நூற்பது இதுவாகும்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும்போது துணியின் மதிப்பும் இறங்குகிறது. முதற்படிக்குத் தகுதியுள்ள சட்டை ஒன்று ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்தாலோ, சமையலறைக் குப்பையுடன் கலந்தாலோ, ஒரே நாளில் மூன்றாம் படிக்கோ அதற்கும் கீழேயோ சென்றுவிடுகிறது. இதனால் இத்தொழிலின் உயிர்நாடி தரம்பிரித்தல் என்பது தெளிவாகும். துணியைத் தொட்டு நூலின் தன்மையை அறிவதும், வெளிச்சத்தில் பிடித்து நைவைக் காண்பதும், எந்தச் சந்தையில் எது விலைபோகும் என நினைவில் வைத்திருப்பதும் பள்ளியில் கற்பிக்கப்படாத திறன்கள். தாயிடமிருந்து மகளுக்கு வரும் இத்திறனே வீட்டில் கிடந்த துணிக்கு விலையை உண்டாக்குகிறது.

துணியைக் கொடுக்கும் வீட்டாரும் இதனை அறிந்திருப்பது நலம். துவைத்து உலர்த்தி, பொத்தான்களைப் பிய்த்தெடுக்காமல், பருத்தி, பட்டு, கம்பளி, செயற்கை இழை எனத் தனித்தனியே வைத்த துணிக்குக் கிடைக்கும் மாற்று, கசங்கிய மூட்டைக்குக் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் பூட்டி வைத்து மடிப்புகளில் நைந்த பின் கொடுப்பதைவிடத் தேவையற்றதென அறிந்தவுடன் கொடுப்பதே ஆதாயம்.

விடியற்காலைச் சந்தை

மேற்குத் தில்லியிலுள்ள ரகுபீர் நகர், பழந்துணி வாணிகத்தின் பெரிய மையங்களுள் ஒன்று. ‘கோடா மண்டி’, அதாவது குதிரைச் சந்தை என்பது இவ்விடத்திற்கு வழங்கும் பெயர். இங்குக் கைமாறுவது குதிரையன்று, துணி. நகரம் உறங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலைப் பொழுதிலேயே சந்தை தொடங்கிவிடுகிறது. முந்தைய நாள் தெருத்தெருவாகச் சுற்றித் திரட்டிய துணிகளைப் பெண்கள் தரையில் விரித்து அமர்கின்றனர். கைவிளக்கின் ஒளியில் துணியைப் புரட்டிப் பார்த்து வாங்குவோர் கூடுகின்றனர். காலைப் பொழுது ஏறுவதற்குள் பெரும்பகுதி விற்பனை முடிந்துவிடுகிறது.

இச்சந்தையில் வாங்குவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைத் துணிக்குரியவர். ஒருவர் காற்சட்டை மட்டுமே வாங்குவார். மற்றொருவர் பட்டுச்சேலை மட்டும். பிறிதொருவர் துடைக்கும் துணிக்கான பருத்தியை எடைக்கு வாங்குவார். வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுசெல்வோரும் உண்டு. இவ்வாறு பல வீடுகளிலிருந்து கலந்து வந்த துணி இங்கு வகை வகையாகப் பிரிந்து தத்தம் வழியே செல்கிறது. சந்தையில் விற்ற பணத்தைக் கொண்டு பெண்கள் மீண்டும் பாத்திரம் வாங்கி, கூடையைச் சுமந்து குடியிருப்புகளை நோக்கிப் புறப்படுகின்றனர். விடியுமுன் விற்பனை, பகலில் சேகரிப்பு, மாலையில் துவைத்தலும் தைத்தலும் என ஒரு நாள் முழுவதும் உழைப்பால் நிறைந்துள்ளது. வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் இக்கணக்கில் சேரவில்லை.

ஒரு மாற்றின் கணக்கு

இவ்வாணிகத்தில் கிடைக்கும் ஆதாயத்தை விளங்கிக்கொள்ள ஒரு மாதிரிக் கணக்கு உதவும். இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காக மட்டும் கொள்ளப்பட்டவை.

மொத்த விலையில் 240 ரூபாய்க்கு வாங்கிய பாத்திரம் ஒன்றைக் கொடுத்து ஒரு பெண் எட்டு உருப்படிகளைப் பெறுகிறாள் எனக் கொள்வோம். அவற்றுள் நல்ல காற்சட்டைகள் இரண்டு தலா 60 ரூபாய்க்கும், நல்ல சட்டைகள் மூன்று தலா 40 ரூபாய்க்கும், நூற்சேலை ஒன்று 60 ரூபாய்க்கும் விலைபோகின்றன. கிழிந்த காற்சட்டை 15 ரூபாய். நைந்த சட்டை 5 ரூபாய். மொத்த வரவு 320 ரூபாய். பாத்திரத்தின் விலை போக மீதம் 80. இம்மாற்றின் பங்காகப் பேருந்துக் கட்டணம் 30 ரூபாயும், சோப்பு, நூல், பொத்தான் ஆகியவற்றுக்கு 10 ரூபாயும் கழித்தால் எஞ்சுவது 40 ரூபாய்.

இது சொந்த முதல் உள்ளவரின் கணக்கு. முதல் இல்லாதவர் பாத்திரத்தைக் கடனுக்கு எடுக்கிறார். காலையில் 100 ரூபாய் கடன் பெற்று மாலையில் 110 ரூபாயாகத் திருப்பித் தரும் நாள்வட்டி முறை நகரங்களின் சிறு வாணிகத்தில் நன்கு அறியப்பட்டது. அவ்வாறாயின் 240 ரூபாய்க்கு வட்டி 24 ரூபாய். எஞ்சிய 40-இல் வட்டி போகக் கையில் நிற்பது 16 ரூபாய் மட்டுமே. அன்று பாத்திரம் மாறாமல் கூடையிலேயே திரும்பினால் அதுவும் இல்லை. வட்டி மட்டும் நிற்கும்.

இக்கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பழந்துணி வாணிகத்தில் வறுமை நீடிப்பதற்குத் துணியின் மலிவு மட்டும் காரணமன்று. முதலின் விலை காரணம். உழைப்பால் உண்டான மதிப்பில் பாதிக்கு மேல் வட்டியாக வெளியேறிவிடுகிறது.

அகமதாபாத் தந்த பாடம்

இவ்வுண்மையை முதலில் உணர்ந்து செயலில் காட்டிய நகரம் அகமதாபாத். அங்கு 1971-ஆம் ஆண்டில், மொத்தத் துணிக்கடைகளில் தலைச்சுமை தூக்கிய பெண்களின் குறைகளை ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவு எடுத்துரைத்தது. அச்செய்தி பரவியதும் பழந்துணி விற்கும் பெண்களும் தங்கள் குறைகளுடன் அப்பிரிவை நாடி வந்தனர். அவர்களுக்காகப் பொதுப்பூங்கா ஒன்றில் கூட்டம் கூட்டப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் திரண்டனர். தங்களுக்கெனத் தனியே ஒரு சங்கம் வேண்டும் என்னும் கருத்து அக்கூட்டத்திலிருந்த பெண் ஒருவரிடமிருந்தே எழுந்தது. இலா பட் அம்மையாரின் முயற்சியாலும், ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அர்விந்த் புச்சின் ஆதரவாலும் சுயதொழில் மகளிர் சங்கம், அதாவது ‘சேவா’, அவ்வாண்டு டிசம்பரில் பிறந்தது.

சங்கத்தைப் பதிவு செய்வதில் இடர் எழுந்தது. முதலாளி இல்லாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் அமைப்பது என்னும் ஐயம் அதிகாரிகளுக்கு இருந்தது. தொழிற்சங்கத்தின் நோக்கம் ஒருவரை எதிர்ப்பதன்று, தொழிலாளரை ஒன்றிணைப்பதே என்னும் வாதம் முன்வைக்கப்பட்டு, 1972 ஏப்ரலில் சங்கம் பதிவு பெற்றது. தொழிலாளர் என்னும் சொல்லின் பொருளையே இப்பதிவு விரிவாக்கியது எனலாம். 1974-ஆம் ஆண்டில் 4,000 பெண்கள் தலா 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்திச் சேவா கூட்டுறவு வங்கியை நிறுவினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்த இயலாது என்று கருதப்பட்ட காலத்தில், புகைப்படத்தைக் கொண்டு உறுப்பினரை அடையாளம் காணும் முறையால் அத்தடை கடக்கப்பட்டது. பிற்காலத்தில் உலகின் பல நாடுகள் நோக்கிய ஓர் இயக்கத்தின் தொடக்கத்தில், பழந்துணி மூட்டையுடன் வந்த பெண்களின் கோரிக்கை இருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பானிப்பட்டின் ஆலைகள்

நான்காம் படியாகிய இழையாக்குதலுக்கு இந்தியாவில் பெயர்பெற்ற நகரம் அரியானா மாநிலத்தின் பானிப்பட்டு. பழங்கம்பளியிலிருந்து நூல் நூற்கும் தொழில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள பேட்லி என்னும் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. இந்நூலுக்கு ‘ஷாடி’ என்று பெயர். அத்தொழில் அங்கு நலிந்த பின்னர் பானிப்பட்டு அதன் பெரிய மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

வெளிநாடுகளில் கழிக்கப்பட்ட கம்பளி ஆடைகள் பொதிகளாக இங்கு வருகின்றன. பெண்கள் அவற்றிலிருந்து பொத்தான், ஜிப், உட்துணி ஆகியவற்றை அறுத்தெடுத்து, சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என நிறவாரியாகப் பிரிக்கின்றனர். நிறம் முன்னரே பிரிக்கப்படுவதால் மீண்டும் சாயம் ஏற்ற வேண்டிய தேவை பெரிதும் குறைகிறது; நீரும் எரிபொருளும் மிச்சமாகின்றன. பின்னர் முட்கள் பதித்த உருளைகளுக்கிடையே துணி கிழிக்கப்பட்டுப் பஞ்சாகி, நூலாகி, போர்வையாகிறது. வெள்ளம், நிலநடுக்கம், கடுங்குளிர் ஆகிய காலங்களில் வழங்கப்பெறும் மலிவுக் கம்பளிகளாக இப்போர்வைகள் நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளன. பாலியெஸ்டர் போர்வைகள் மலிந்த பின்னர் இவற்றுக்கான தேவை சுருங்கவே, பருத்தி வெட்டுத்துண்டுகளிலிருந்து நூல் நூற்பதில் ஆலைகள் பல கவனம் செலுத்தலாயின. திருப்பூரில் பனியன் தைக்கும்போது எஞ்சும் வெட்டுத்துண்டுகள் இத்தகைய நூலுக்கு மூலப்பொருளாவது தமிழகத்திலும் காணக்கூடியது.

இறக்குமதி தொடர்பாக ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் வேண்டும். உடுத்தத்தக்க பழைய ஆடைகளை உரிமமின்றி இறக்குமதி செய்து உள்நாட்டில் விற்க விதிகள் இடந்தருவதில்லை. மீண்டும் உடுத்த இயலாதவாறு வெட்டிச் சிதைக்கப்பட்ட கந்தைகளே ஆலைகளுக்குரியவை. காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் சில நிறுவனங்கள் முழு ஆடைகளைத் தருவித்துத் தரம்பிரித்து மறு ஏற்றுமதி செய்ய அனுமதி பெற்றுள்ளன. இவ்வேறுபாடு வெறும் சுங்க நுணுக்கமன்று. சிதைக்கப்படாத வெளிநாட்டு ஆடைகள் மலிவாக உள்ளே நுழையுமாயின், புத்தாடை தைப்போரும் பாதிக்கப்படுவர். வீடுவீடாகத் துணி திரட்டும் பெண்ணின் மூட்டைக்கும் விலை வீழும்.

புதிய இடர்கள்

இத்தொழில் இன்று மூன்று முனைகளில் நெருக்கடியைச் சந்திக்கிறது.

முதலாவது, வாயிற்கதவு. தனி வீடுகள் இருந்த தெருக்களில் பாத்திரக் கூடையுடன் வருபவர் தடையின்றி நுழைய முடிந்தது. காவலர் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவருக்கு அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. பகலில் வீட்டுப் பெண்களும் பணிக்குச் செல்வதால் பேரம் பேச ஆளில்லை. நெடுநாள் பழக்கத்தால் உருவான வாடிக்கை இதனால் அறுபடுகிறது.

இரண்டாவது, துணியின் தரம். சில முறை உடுத்தியவுடன் கழிக்கும் நோக்குடன் மலிவாகத் தயாரிக்கப்படும் ஆடைகள் பெருகியுள்ளன. கழிக்கப்படும் துணியின் அளவு கூடினும், மீண்டும் உடுத்தத்தக்கதன் பங்கு குறைகிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் இழுபடும் செயற்கை இழையும் கலந்த துணி துடைப்பதற்கும் உதவாது, இழையாக்கவும் கடினம். மூட்டை கனக்கிறது, வருவாய் கனக்கவில்லை.

மூன்றாவது, இலவசச் சேகரிப்பு. ஏழை மக்களுக்கு உதவும் நோக்குடன் துணி திரட்டும் அமைப்புகள் பல தோன்றியுள்ளன. 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, துணியைப் பிச்சையாக அளிக்காமல், சாலை அமைத்தல், கிணறு தூர்வாருதல் போன்ற ஊர்ப்பணிகளுக்குரிய கைம்மாறாக வழங்கும் முறையை உருவாக்கியது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது வழங்கப்பெற்றது. 2023 மே மாதத்தில் மத்திய அரசின் இயக்கம் ஒன்றின் வாயிலாக, பழைய துணி, நூல், காலணி முதலியவற்றைப் பெறும் மையங்கள் நகரங்களில் திறக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்க முயற்சிகளே. ஆயினும் நல்ல துணி இம்மையங்களுக்கும், நைந்த துணி மட்டும் பாத்திரக் கூடைக்கும் செல்லுமாயின், ஒரு நற்பணி மற்றோர் ஏழையின் பிழைப்பைச் சுருக்கிவிடும். சேகரித்த துணியைத் தரம்பிரிக்கத் தேர்ந்த கைகள் இல்லையெனில் மையத்தின் மூலையில் அது மக்கிப்போகவும் கூடும்.

செய்யத்தக்கவை

இடம், முதல், இணைப்பு ஆகிய மூன்றுமே இத்தொழிலுக்குத் தேவை.

இடத்தைப் பொறுத்தவரை சட்டம் துணை நிற்கிறது. நடைபாதையில் வாணிகம் செய்வது அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு வழங்கும் தொழில் உரிமையில் அடங்கும் என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் உச்ச நீதிமன்றம் 1989-இல் சோடன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், ஓரிடத்தில் அமர்ந்து விற்போரை மட்டுமன்றி இடம்விட்டு இடம் சென்று விற்போரையும் தெரு வியாபாரிகளாக ஏற்கிறது. ஒவ்வொரு நகரிலும் அமையும் வணிகக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட இயற்கைச் சந்தைகளை வாணிகத் தடைப் பகுதியாக அறிவித்தலாகாது. ஆனால் கணக்கெடுப்பு அலுவலர் பகல் பதினொரு மணிக்கு வந்தால் விடியற்காலைச் சந்தை அவர் கண்ணில் படாது. பாத்திரக் கூடையுடன் தெருவில் நடப்பவரும் பட்டியலில் இடம்பெறாமல் போவார். எனவே கணக்கெடுப்பின் நேரத்தையும் முறையையும் தொழிலின் இயல்புக்கேற்ப அமைப்பது உள்ளாட்சி அலுவலரின் பொறுப்பாகும். சந்தை கூடும் இடத்தில் மேற்கூரை, விளக்கு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. மழையில் நனைந்து பாழாகும் துணியின் மதிப்போ பெரிது.

முதலைப் பொறுத்தவரை 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிரதமரின் ‘ஸ்வநிதி’ திட்டம் தெரு வியாபாரிகளுக்குப் பிணையின்றி 10,000 ரூபாய் வரை முதற்கடன் வழங்கியது. 2025-இல் இத்தொகை 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. மேற்கண்ட மாதிரிக் கணக்கை மீண்டும் நோக்கினால் இதன் பயன் விளங்கும். நாள்வட்டியிலிருந்து விடுபடும் பெண் ஒவ்வொரு மாற்றிலும் 24 ரூபாயைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறாள். அவளது வருவாய் 16-லிருந்து 40-ஐ நெருங்குகிறது. துணியின் விலையைக் கூட்டாமலேயே நிகழும் உயர்வு இது. ஆனால் இக்கடன் பெறுவதற்கு வியாபாரி எனச் சான்று வேண்டும். சான்றுக்குக் கணக்கெடுப்பில் இடமோ உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். ஆகவே இடமும் முதலும் ஒன்றையொன்று சார்ந்தவை.

இணைப்பு என்பது மூன்றாவது. நகராட்சியின் சேகரிப்பு மையங்களில் தரம்பிரிக்கும் பணியை இப்பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கலாம். உடுத்தத்தக்கதைச் சந்தைக்கும், பருத்திக் கந்தையைப் பட்டறைகளுக்கும், கம்பளியை ஆலைக்கும் அனுப்ப அவர்களே தகுதியானவர்கள். குடியிருப்போர் நலச்சங்கங்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அடையாள அட்டை பெற்ற வியாபாரிகளை உள்ளே அழைத்துப் பாத்திரமோ பணமோ பெற்றுத் துணி கொடுக்கும் முறையை ஏற்படுத்தலாம். இதனால் வீட்டாருக்கு விலை கிடைக்கும்; வியாபாரிக்கு வாயில் திறக்கும்; நகராட்சிக்குக் குப்பையின் சுமை குறையும்.

இத்தொழிலின் பயனைப் புத்தாடை உற்பத்தியுடன் ஒப்பிட்டும் காணலாம். ஒரு பருத்திச் சட்டையை உருவாக்க நிலமும் நீரும் உரமும் சாயமும் மின்சாரமும் செலவாகின்றன. அச்சட்டை மேலும் ஈராண்டு உடுத்தப்படுமாயின் இச்செலவுகள் அனைத்தும் மேலும் ஈராண்டுக்குப் பயன் தருகின்றன. அதற்குத் தேவைப்படுபவை சிறிது சோப்பும், நான்கு பொத்தான்களும், தேர்ந்த இரு கைகளுமே. அக்கைகளுக்குரிய கூலி இதுவரை வீட்டாரின் கணக்கிலும் இல்லை, நகராட்சியின் கணக்கிலும் இல்லை. அதனைக் கணக்கில் கொண்டுவருவதே பழந்துணிக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்வதன் முதற்படியாகும்.